இரும்பைக் கேட்கும் காயில்

"தங்கச்சி, உன் மெஷின்ல எந்தக் காயில் போட்டா ரொம்ப ஆழம் கேக்கும்?"

ராசரத்தினம் வாசலில் நின்றபடியே கேட்டார்.

தெய்வானை எழுந்து வந்து அவரை ஒரு முறை பார்த்தாள். தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவளைவிட வயதில் மூத்தவர். இத்தனை காலம் பொன் ஆசை இல்லாமல் இருந்தவருக்கு இப்போது என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பந்தலூர் மலையில் வெள்ளைக்காரன் தோண்டிவிட்டுப் போன சுரங்கங்கள் தேயிலைக்கு அடியில் எங்கெங்கோ ஓடுகின்றன. மிச்சம் மீதி தேடுகிறவர்கள் எல்லாரும் என்றாவது ஒரு நாள் அவள் வாசலுக்கு வந்தவர்கள்தான். அந்தப் பக்கத்தில் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுசொல்லும் டிடெக்டர் வைத்திருந்தவள் அவள் ஒருத்தி. 'மெஷின் தெய்வானை' என்றால்தான் தெரியும்.

அவள் மூக்குத்தியைக் கழற்றினாள். முற்றத்து மண்ணில் நாலு விரல் ஆழத்தில் புதைத்தாள். மெஷின் தடியின் நுனியில் தட்டளவு வட்டமான கம்பிச் சுருளை, அந்தச் சின்னக் காயிலை மாட்டி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் மண்ணுக்கு மேலே ஓட்டினார். மெஷின் மெல்லக் கூவியது.

மூக்குத்தியை எடுத்து ஒரு முழம் ஆழத்தில் புதைத்தாள்.

மெஷின் வாயைத் திறக்கவில்லை.

சின்னதைக் கழற்றிவிட்டு, முறம் அளவுக்கு இருந்த பெரிய காயிலை மாட்டினாள்.

அதுவும் வாயைத் திறக்கவில்லை.

"பெரிசுக்கு ஆழம் கேக்கும்னு சொன்னாங்களே?"

"கிடக்கிறது பெரிசா இருந்தா கேக்கும்."

"சின்னது, ஆழத்துல கிடந்தா?"

"எந்தக் காயிலுக்கும் கேக்காது."

"அப்ப என்னதான் பண்றது?"

"மழை பெய்யணும். மண்ணு கரையணும். அது மேல வரணும். அதுவரைக்கும் நாம உசுரோட இருக்கணும்."

அவர் முற்றத்துக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தெய்வானைக்கு இரக்கமாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த மூன்றாவது காயிலை எடுத்து வந்தாள்.

"இதைக் கொண்டு போங்கண்ணே. இது இரும்பைக் கண்டா பேசாது. பழைய சுரங்கம் பாருங்க, ஆணி, தண்டவாளத் துண்டு, வாளி வளையம்னு மண்ணு பூரா இரும்பு. இது இல்லன்னா விடிஞ்சு பொழுது போற வரைக்கும் துருவைத்தான் தோண்டிக்கிட்டுக் கிடக்கணும்."

அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். திரும்பச் சுவரிலேயே மாட்டினார்.

"இரும்பைக் கண்டா பேசுறது எது?"

"அதை யாரும் கேக்க மாட்டாங்கண்ணே."

"நான் கேக்கறேன்."

"அந்தப் பெரிசுதான். இரும்புன்னா ஊரைக் கூட்டும்."

"ஒரு கடப்பாரை எவ்வளவு ஆழத்துல கிடந்தா கேக்கும்?"

அப்போதுதான் அவள் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்து சொன்னார்.

ஆடி மழையில் அவர் மகன் தயாளன் கூட்டாளிகளோடு திருட்டுச் சுரங்கத்துக்குள் பொன் கல் உடைக்கப் போனான். கூரை இறங்கியது. பின்னால் நின்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் வரவில்லை. போலீசுக்குப் பயந்து அவர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரிடம் மட்டும் வந்து காலில் விழுந்தார்கள். அடுத்த வாரம் ஜேசிபி வந்து அந்தச் சரிவில் இருந்த பொந்துகளை எல்லாம் மூடிவிட்டுப் போனது. அடியில் ஆள் கிடப்பது மூடியவர்களுக்குத் தெரியாது.

"செவந்திகிட்ட, திருப்பூருக்குப் போயிட்டான், பனியன் கம்பெனியில வேலைன்னு சொல்லிட்டேன். பெத்தவகிட்ட வேற என்ன சொல்ல?"

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த இடம்னு அந்தப் பசங்களுக்கே இப்ப அடையாளம் தெரியல. எல்லாம் ஒரே மண்ணாப் போச்சு. அவன் கையில எங்க வீட்டுக் கடப்பாரை இருந்துச்சு தங்கச்சி. அது கேட்டாப் போதும்."

"கேட்டா?"

அவர் முக்காலியை விட்டு எழுந்தார்.

"அந்தச் சுரங்கம் ரெண்டாள் ஆழமாவது இருக்கும். பெரிசுக்கும் எட்டாதுண்ணே."

"ஒரு முழம் தோண்டுறேன். ஓட்டிப் பாக்கறேன். கேக்கலன்னா இன்னொரு முழம் தோண்டுறேன்."

அவள் பெரிய காயிலைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சரிவில் மெஷின் ஓயாமல் கத்தியது. அது கத்திய இடமெல்லாம் அவர் தோண்டினார். ஆணி வந்தது. சங்கிலிக் கண்ணி வந்தது. துருப்பிடித்த லாடம் வந்தது. ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"எந்த இரும்புன்னு மெஷின் சொல்லாதா?"

"சொல்லாது."

"எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

அவள் மண்வெட்டியை எடுத்து நீட்டினாள்.

ஒரு நாள் அவர் எறிந்த வெள்ளைக் கல் ஒன்று உடைந்து உள்ளே மஞ்சளாக மின்னியது. அரிசி மணி அளவுக்குப் பொன். மற்றவர்கள் என்றால் மலை அதிரக் கத்தியிருப்பார்கள். அவர் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த வெட்டு வெட்டினார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிந்த பிறகு அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கொழுந்து பறிக்கிறவர்கள் மேல் பாதையில் போகும்போது கேட்பார்கள்.

"என்ன ராசரத்தினம், கிடைச்சுதா?"

"கிடைக்கும்" என்பார்.

தோண்டிய இடமெல்லாம் சேர்ந்து ஒரே குழியாகி, அவர் தலையை மறைக்கும் அளவுக்கு இறங்கியது. அவர் உடம்பு பாதியானது. பொழுது சாய்ந்ததும் கைகால் கழுவி, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஒரு மத்தியானம் மண்வெட்டியைக் கழுவ ஓடைக்கு இறங்கிப் போனார். தெய்வானை குழிக்குள் தனியாகக் காயிலை ஓட்டினாள்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கேட்டது.

ஆணி என்றால் ஒரு கொத்துக் கொத்திவிட்டு நின்றுவிடும். இது நிற்கவில்லை. காயிலை மெல்ல நகர்த்தினாள். சத்தம் கூடவே வந்தது. குழியின் இந்த மூலையில் தொடங்கி நேர் கோடாக நெஞ்சு உயரமுள்ள ஒரு கம்பியின் நீளத்துக்கு ஓடி முடிந்தது.

மறுபடி ஓட்டினாள். அதே நீளம்.

"நீதான் தெய்வானையா?"

குழியின் மேலே தூக்குவாளியோடு ஒரு பெண் நின்றாள். செவந்தி என்று சொல்லாமலே தெரிந்தது.

"ஆமாக்கா."

"தங்கம் தேடுறேன்னு சொல்லிட்டு வர்றாரு."

தெய்வானை தலையைக் குனிந்துகொண்டாள்.

செவந்தி கரையில் உட்கார்ந்தாள்.

"திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனவன், வீட்டுக் கடப்பாரையை எதுக்கும்மா தூக்கிட்டுப் போனான்?"

தெய்வானை காயிலைக் கீழே வைத்தாள்.

"தெரியும்னு அவர்கிட்ட சொல்லலையாக்கா?"

"சாயங்காலம் வருவாரு. கடைக்குப் போன் வந்துச்சும்பாரு. பையன் சாப்பிட்டானாம், மீன் கொழம்பாம், உடம்பு கொஞ்சம் தேறியிருக்காம். பெத்து வளத்த காலத்துல அவன் சாப்பிட்டானான்னு ஒரு நாள் கேட்டவர் இல்ல." தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினாள். "நானும் கேப்பேன், இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கிட்டானான்னு. போட்டுக்கிட்டானாம்."

தூக்குவாளியைக் கரையில் வைத்தாள். ஓரமாகச் சாய்த்திருந்த ஏணியில் கால் வைத்துக் குழிக்குள் இறங்கி வந்தாள்.

"அதை மாட்டுனா எனக்கும் கேக்குமா?"

வேண்டாம் என்று சொல்லத் தெய்வானைக்கு நாக்கு எழவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தாள். காயிலை மண்ணின் மேல் கொண்டு போனாள்.

செவந்தியின் கை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அங்கயே வையி."

வைத்தாள்.

"இது தங்கமா?"

"இல்லக்கா. இரும்பு."

"நீளமா இருக்கா?"

"நீளமாத்தான் இருக்கு."

செவந்தி குனிந்து உள்ளங்கையை ஈர மண்ணின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

மேலே காலடிச் சத்தம் கேட்டது. ராசரத்தினம் கழுவிய மண்வெட்டியோடு வந்து குழியை எட்டிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் காதில் இருந்ததைப் பார்த்தார்.

"செவந்தி… நீ எங்க இங்க?"

அவள் நிமிரவில்லை.

"என்ன… என்ன கேக்குது?"

தெய்வானை வாயைத் திறந்தாள்.

அதற்குள் செவந்தி எழுந்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். அதில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்துத் தெய்வானையின் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணும் கேக்கல. வாங்க, சோறு ஆறுது."