மிளகியின் வாயும் மூன்று குதிர் விதைநெல்லும்

கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். ஆற்றங்கரை நாடு ஒன்றை நெடுங்கோ என்ற ராஜா ஆண்டுவந்த காலத்தில் நடந்தது இது. நல்ல ராஜாதான். ஆனால் நல்லவர்களும் சில நாள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள் அல்லவா, அப்படிப்பட்ட ஒரு நாளின் கதை.

அரண்மனைக் களஞ்சியத்தில் மூன்று பெரிய மண் குதிர்கள் இருந்தன. மூன்றிலும் ஊர் முழுவதற்குமான விதைநெல். எலி அண்டாமல் அதைக் காத்தது மிளகி என்ற பூனை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். விதைப்புக்கு முன் ஊர் கூடி நிற்க, குதிரின் மூடியைத் திறந்து நெல்லை முகர்ந்து பார்ப்பார்கள். மணந்தால் விதைக்கலாம். நாறினால் ஆற்றில் கொட்டிவிட வேண்டும். முகர்பவர் காவல் பூனையைத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அது பூனைக்குச் செய்யும் மரியாதை.

களஞ்சியக்காரர் பெரியாண்டார் மிளகியைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் குதிருக்குள் குனிந்தார். குப்பென்று நாற்றம். "ஐயோ, நெல் கெட்டுப்போச்சு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மந்திரி நம்பவில்லை. மிளகியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு இரண்டாம் குதிருக்குள் குனிந்தார். அதே நாற்றம். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராஜாவே இறங்கி வந்தார். மிளகியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்றாம் குதிருக்குள் குனிந்தார். அதே நாற்றம். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெல்லோ பளபளவென்று இருக்கிறது. பூச்சியில்லை, பூஞ்சையில்லை. கீழே சிந்தியதை அள்ளி முகர்ந்த ஓர் உழவன், "நல்லாத்தானே மணக்குது?" என்றான். "உனக்குச் சளி பிடித்திருக்கும்" என்று அவனை உட்கார வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே தன் மூக்கின்மேல் சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

இதைக் கொட்டினால் அடுத்த அறுவடை இல்லை. கொட்டாமல் கெட்ட விதையை விதைத்தாலும் அறுவடை இல்லை. ராஜா வெகுநேரம் குழம்பினார். கடைசியில், "வழக்கப்படி ஆற்றில் கொட்டுங்கள்" என்றார். பெண்கள் அழுதார்கள். ஆட்கள் கூடைகளை எடுத்தார்கள்.

கூட்டத்தில் மீன் விற்கும் கருத்தாயி நின்றிருந்தாள். ராஜாவின் தோளிலிருந்து குதித்த மிளகி அவள் கூடையருகே வந்தது. அவள் ஒரு மீன் தலையைப் போட்டாள். பூனை ஆசையாகக் கவ்வியது. கவ்விய வேகத்தில் கத்திக்கொண்டு கீழே போட்டது. மறுபடி கவ்வியது, மறுபடி போட்டது. மூன்றாம் முறை கவ்வவில்லை. வாயோரம் எச்சில் ஒழுக, முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டது.

கருத்தாயி அதை மடியில் கிடத்தி வாயைத் திறந்தாள். ஈறெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. பற்களில் மஞ்சளாகக் காறை கட்டியிருந்தது. ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது.

"கொட்டாதீங்க ராசா! நெல்லுக்கு ஒண்ணுமில்ல. இதோட வாயை மோந்து பாருங்க!"

ராஜா பூனையின் வாயை முகர்ந்தார். அதே நாற்றம். பிறகு தோளில் யாருமில்லாமல் மூன்று குதிர்களையும் முகர்ந்தார். மூன்றிலும் நெல் வாசனை.

ஊரே கைதட்டிச் சிரித்தது. கருத்தாயி மட்டும் சிரிக்கவில்லை.

"பத்து நாளா இது என் கூடைப்பக்கம் வரல. எத்தன நாள் பட்டினியோ! மூணு பேர் தோள்ல உக்காந்துச்சு. மூணு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. இது பக்கம் ஒருத்தராச்சும் திரும்பிப் பாத்தீங்களா, ராசா?"

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. வைத்தியரை வரவழைத்து, மிளகியைத் தானே பிடித்துக்கொண்டு, அந்தப் பல்லைப் பிடுங்க வைத்தார். பிடுங்கும்போது அது அவர் கையைப் பிறாண்டியது. "நன்றாகப் பிறாண்டு, எனக்கு வேண்டியதுதான்" என்றார்.

நான்காம் நாள் மிளகி ஒரு முழு மீனைத் தின்றது. வயலில் விதைத்த நெல்லும் முளைவிட்டது. அதற்குப்பிறகு அந்த நாட்டில் ஆண்டுதோறும் முதலில் பூனையின் பல்லைப் பார்ப்பார்கள், பிறகுதான் குதிரின் மூடியைத் தொடுவார்கள்.

நாற்றம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முன், பக்கத்தில் இருக்கும் உயிருக்கு என்ன வலி என்று பார்க்க வேண்டும்.