எட்டாவது போர்வை

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. தடுப்பூசி முகாமில் வரிசையில் நின்ற ஒரு பெண் என் அக்காவிடம் சொன்னாள், அக்கா எனக்குச் சொன்னாள். வழியில் ஏதாவது உதிர்ந்திருந்தால் எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் கிருமிகள் கண்ணுக்குத் தெரிந்தன. வாய்விட்டுப் பேசவும் செய்தன. பிள்ளைகளின் நெஞ்சில் சளியைக் கட்டி மூச்சை நிறுத்தும் கிருமிகள் ஒரு பெரிய குடும்பம். எல்லாம் உடன்பிறப்புகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் போர்வை போர்த்தியிருக்கும். அவற்றை விரட்ட நாயால் மட்டுமே முடியும். அதனால் பிள்ளை பிறந்ததும் தொட்டிலருகே ஒரு நாய்க்குட்டியைக் கட்டிவைப்பது வழக்கம். ஒரு போர்வையின் துண்டை மோந்த குட்டி அந்த வாசனையை ஆயுசுக்கும் மறக்காது. மோந்து பழகாத போர்வை வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

மலையூர் மாடத்தியின் மூத்த பிள்ளை அப்படித்தான் போனான். சாம்பல் போர்வைக்காரன் வந்தான், குட்டி வாலை ஆட்டியது. பிள்ளையின் மூடிய கையில் அந்தப் போர்வையின் கிழிசல் மட்டும் மிஞ்சியது. அதை அவள் முந்தானையில் முடிந்துவைத்தாள்.

அவளுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்த மாதம், துறைமுகத்து அதிகாரி ஒருவர் மலையடிவாரச் சந்தைக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு மூட்டை கொடுத்தார். மூட்டைக்குள், குட்டிக்கு மோக்கக் கொடுக்க, ஏழு நிறத்தில் ஏழு போர்வைத் துண்டுகள்.

மாடத்தி அங்கேயே பிரித்துப் பார்த்தாள். "ஐயா, என் மகனைக் கொன்னவன் சாம்பல் போர்வைக்காரன். அது இதுல இல்லியே?"

"ஏழு போதும்மா. எந்தப் போர்வைக்காரன் எத்தனை பிள்ளைய எடுத்தான்னு எண்ணிப் பாத்துத்தான் முடிவு பண்ணினோம்."

"எங்க எண்ணினீங்க?"

"துறைமுகத்துல, வீடு வீடா."

"எங்க மலையில?"

"வண்டி போகாத ஊர்ல எப்படிம்மா எண்ணுறது?"

"வண்டி வராத ஊருக்குக் கிருமி மட்டும் நடந்தே வருதே, ஐயா! உங்களுக்குக் கால் இல்லியா?"

சந்தை சிரித்தது. அதிகாரியின் முகம் சிவந்தது. அவள் நீட்டிய கிழிசலை வாங்கி, ஏறிட்டும் பார்க்காமல் சாக்கடையில் எறிந்தார். "ஒரு பிள்ளை செத்ததெல்லாம் கணக்குல வராது."

மாடத்தி சாக்கடையில் இறங்கிக் கிழிசலை எடுத்தாள். கழுவினால் வாசனை போய்விடும் என்று சேற்றோடு கொண்டுபோய்த் தன் நாய்க்குட்டியின் மூக்கில் வைத்தாள். ஏழு துண்டுகளையும் மோக்கவைத்தாள்.

ஏழு போர்வைக்காரர்களும் எல்லா ஊரிலும் கடிபட்டு ஓடினார்கள். துறைமுகத்தில் மேளம் கொட்டினார்கள். காலியான இடத்தில் சாம்பல் போர்வைக்காரன் சாவகாசமாகப் பெருகினான். ஒரு நாள் மாடத்தியின் வாசலில் வந்து நின்றான்.

"என்ன தாயி, சௌக்கியமா? பழகின வீடுதானே, உள்ள வரட்டா?"

"வாடா," என்றாள் மாடத்தி.

குட்டி பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்வியது. அவன் அலறிக்கொண்டு மலையிறங்கி ஓடினான். கீழே துறைமுகத்து நாய்கள் அவனைப் பார்த்து வாலை ஆட்டின.

பத்தே நாளில் அந்த அதிகாரி கால் கொப்பளிக்க மலையேறி வந்தார். அவருடைய பேத்திக்கு மூச்சு இழுத்தது. "அந்தத் துண்டு... இருக்காம்மா?"

"இப்ப மட்டும் ஒரு பிள்ளை கணக்குல வருதா?"

அவருடைய பேத்தி ஒரு பாவமும் அறியாத குழந்தை. மாடத்தி கிழிசலில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். "நாளைக்கே வந்து எங்க ஊர்ல எண்ணணும். வீடு வீடா."

பேத்தி பிழைத்தாள்; அதிகாரியும் மாடத்தி சொன்னபடி வந்து எண்ணினார். ஆனால் சாம்பல் போர்வைக்காரன் அதற்குள் தன் குடும்பத்தைக் கூட்டியிருந்தான். "இந்த ஆளுங்க பார்த்ததை மட்டுந்தான் எண்ணுவாங்க. போர்வையை மாத்திக்கிட்டே இருங்கடா. கண்ணுக்கும் தெரியாம சிறுத்துப்போங்க!"

அன்று முதல்தான் அந்தக் குடும்பம் கண்ணில் படாமல் போர்வை மாற்றித் திரிகிறது. நாமும் ஊர் ஊராகப் போய்த் துண்டு சேர்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு நான் தேடிப் படித்தேன். நிமோகாக்கஸ் என்ற கிருமி உண்மையிலேயே சர்க்கரையால் ஆன போர்வை போர்த்தியிருக்கிறது. அதில் நூறு வகைக்கு மேல் உண்டு. இரண்டாயிரமாம் ஆண்டு அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கென அனுமதி பெற்ற தடுப்பூசியில் இருந்தவை ஏழு வகை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல இடங்களில் பிள்ளைகளைத் தாக்கிக்கொண்டிருந்த ஒன்றாம் வகையும் ஐந்தாம் வகையும் அந்த ஏழில் இல்லை.