பன்னிரண்டாவது கேட்

"அவ கதவைத் தொறக்கலன்னா என்ன பண்றது?" என்று அமலோர் கேட்டார்.

மதலேன் அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வால்வைத் திருகிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டாள்.

"காத்து ஜாஸ்தி அங்கிள். கல்லு மேல ஏறினா தூக்கிப் போட்டுடும்."

அவ்வளவுதான் பதில்.

இந்தக் கதையில் குருதான் சின்னவள். முப்பத்துமூன்று வயது. காரைக்காலிலிருந்து போன குடும்பம், பிறந்தது பிரான்சில். ஓப்ராக் என்ற மேட்டு நிலத்தில், மலைச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருகிறவள். சீடருக்கு அறுபத்தொன்று. புதுச்சேரிக்காரர். முப்பது வருஷம் பாரிஸில் ஒரு பெரிய குடியிருப்புக்குக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். திறந்து கிடக்கிற கதவைக் கண்டால் சாத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அவர் சாத்திய கதவுகளில் ஒன்று, சொந்த மகளுக்கு.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மாடு வளர்க்கிற ஒருவனோடு மலைக்குப் போகிறேன் என்று அவள் வந்து நின்றாள். போ, இந்தக் கதவு இனி உனக்கு இல்லை என்றார். சொன்னதோடு நிற்காமல் தாழ்ப்பாளையும் போட்டார். அன்றிலிருந்து மகளின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. 'அவள்'தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பிலோமினா மகளோடு போனில் பேசுவாள். அப்போதெல்லாம் அமலோர் சமையலறையில், கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பார். தண்ணீரை மட்டும் மெதுவாகத் திறந்துவைப்பார். காதில் விழவேண்டுமே.

இந்த ஜூன் மாதம் புறப்பட்டுவிட்டார். பிலோமினா தடுக்கவில்லை, மகளிடம் சொல்லவும் மறுத்துவிட்டாள். நீயாகப் போய் நில் என்றாள்.

வழியெல்லாம் ரயிலிலேயே போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று பயந்துதான் பாதியில் இறங்கிச் சைக்கிளில் வந்தார்.

மதலேன் வழிகாட்ட, மூன்று நாள் பாதை. மூன்றாம் நாள் சாயங்காலம் மகளின் வீடு.

முதல் நாள் காலையில் பனிமூட்டம். மதலேனின் சிவப்புச் சட்டை முன்னால் மிதந்து போனது. அவளுடைய சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ மாட்டு மணிச் சத்தம் வந்தது. மாடு தெரியவில்லை. புல்வெளி முழுக்க வெள்ளைப் பூக்கள், பனி எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாதபடி. தூங்கிக்கொண்டே மிதிக்கிறோமோ என்று அமலோருக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சந்தேகத்திலேயே ஒரு கல்லின் மேல் ஏறினார். சக்கரம் கல்லைத் தழுவிக்கொண்டு இறங்கியது. தூக்கிப் போடவில்லை.

வழியெங்கும் இரும்புக் கேட்டுகள். ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் ஒன்று. வீடு வரைக்கும் பன்னிரண்டு என்று மதலேன் சொல்லியிருந்தாள். விதி ஒன்றே ஒன்றுதான்: கேட் எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டும். கடைசியாகப் போகிறவருக்கு அந்தப் பொறுப்பு. அமலோர்தான் கடைசி.

இது நம்ம வேலை என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இரண்டாம் நாள் ஒரு சுனையருகே ரொட்டி தின்னும்போது மறுபடி கேட்டார். வாத்தியாரம்மா, அவ தொறக்கலன்னா திரும்பிடலாமா, இல்ல தட்டிக்கிட்டே நிக்கணுமா?

மதலேன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். அவர் கையில் ஏற்கெனவே முழு ரொட்டி இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு முழித்தார். அவள் மீதியைத் தின்று முடித்து, கையைத் தட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டாள்.

இந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன பிரயோசனம் என்று அவருக்குக் கோபம்தான் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏழாவது கேட்டைத் தாண்டினார்கள். அதற்கப்புறம் நீண்ட இறக்கம். மூட்டம் கலைந்து, மலைச்சரிவு முழுக்க வெயில் கொட்டியது. அமலோர் பிரேக்கிலிருந்து ஒரு விரலை எடுத்தார். பிறகு இன்னொரு விரலை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. இறங்குகிறோம் என்பதே மறந்து, நிலம்தான் தனக்கடியில் வழுக்கிக்கொண்டு போகிறது என்று தோன்றியது. மகள் மூன்று வயதில் அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு இன்னும் வேகமா என்று சொல்லுவாள். அந்தக் கனம்கூடத் தோளில் வந்துபோனது.

அடிவாரத்தில் மதலேன் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில், மலைமுகட்டில், மாடுகள் ஒரே வரிசையில் நின்றன. ஒன்றுகூட அசையவில்லை.

"அங்கிள், அந்த ஏழாவது கேட்டை என்ன பண்ணீங்க?"

"தொறந்து கெடந்துச்சு. நான்தான் பாத்துச் சாத்தினேன்."

மதலேன் சைக்கிளைத் திருப்பினாள்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தண்ணீர்த் தொட்டி கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. மாடுகள் அந்தப் பக்கம்.

விவசாயி வந்து திறந்துகொள்ளமாட்டாரா என்று கேட்டார். வருவார், இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றாள். போன் பண்ணலாமே என்றார். இந்த மலையில் சிக்னல் கிடைத்தால்தானே.

"இன்னிக்கு சாயங்காலம் போய்ச் சேரலன்னா, நாளைக்கு எனக்கு மனசு வராதும்மா," என்றார் அமலோர். "என்னைப் பத்தி எனக்குத் தெரியும். ராத்திரி படுத்து எழுந்தா திரும்பிடுவேன்."

அவள் காதில் வாங்கிக்கொண்டாள், வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

மிதித்தும் தள்ளியும் ஒன்றரை மணி நேரம். இறங்கும்போது ஒரு மூச்சில் முடிந்த சரிவு. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். பாதியில் அதற்கும் மூச்சு போதவில்லை.

மாடுகள் அவர்களைப் பார்த்தன. சந்தன நிறம். எல்லாவற்றுக்கும் கண்ணோரம் மை தீட்டினாற்போலக் கறுப்புக் கரை. ஒன்றும் கத்தவில்லை. கேட்டுக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு சும்மா நின்றன. அவற்றைப் பார்க்க அமலோருக்கு வெட்கமாக இருந்தது.

கேட்டைத் திறந்தார். மாடுகள் அவரை உரசிக்கொண்டு போய்த் தொட்டியில் வாய்வைத்தன. உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அமலோர். "யாராவது மறந்துபோய்த் தொறந்து போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மதலேன் குனிந்தாள். கேட்டின் கீழ்க்கம்பிகளில் பிய்ந்த புல் நீளநீளமாகத் தொங்கியது. அவர் இழுத்துச் சாத்தியபோது பிய்ந்த புல்.

"புல்லைப் பாக்கணும் அங்கிள். தெனம் தொறந்து சாத்துற கேட்டுக்குக் கீழ மண்ணு மொட்டையா இருக்கும். தொறந்தே கெடக்குற கேட்டுலதான் கம்பிக்குள்ள பூந்து வளரும்."

அவர் அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு நீளம் வளர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

மறுபடி இறங்கினார்கள். எட்டு, ஒன்பது, பத்து. ஜூன் மாதத்து அந்தி லேசில் போகாது; வெளிச்சம் தேனாகக் கெட்டிப்பட்டு மரங்களுக்கிடையே நின்றது. பதினொன்றாவது கேட் மூடியிருந்தது. திறந்து, தாண்டி, மூடினார். அதன் அடியில் மண் மொட்டையாகத்தான் இருந்தது.

கடைசித் திருப்பத்தில் மதலேன் ஒதுங்கி நின்றாள்.

"இனி நீங்க முன்னால போங்க."

"அவ தொறக்கலன்னா?" என்றார் மூன்றாம் முறையாக.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருப்பாள் என்று தோன்றவில்லை.

அமலோர் தனியாக மிதித்தார். திருப்பத்துக்கு அப்பால் ஒரு கல்வீடு, புகைபோக்கி, கொடியில் குழந்தையின் சின்னச் சட்டை ஒன்று. பிலோமினா போனில் சிரித்துச் சிரித்துப் பேசியதெல்லாம் யாரிடம் என்று இப்போது புரிந்தது.

வீட்டுக்கு முன்னால் பன்னிரண்டாவது கேட். ஓரமாகத் தள்ளி, திறந்து கிடந்தது.

சைக்கிளிலிருந்து இறங்கினார். உள்ளே நாலடி வைத்தார். பிறகு, முப்பது வருஷப் பழக்கம், திரும்பிவந்து கேட்டின் மேல்கம்பியைப் பிடித்தார். இழுத்தார்.

அசையவில்லை.

குனிந்து பார்த்தார்.

அடிக்கம்பியைக் காணோம். இரண்டாவதையும் காணோம். அவர் முழங்கால் உயரத்துக்குப் புல் கம்பிகளுக்குள் புகுந்து, பின்னி, காய்ந்த புல்லின் மேல் பச்சைப் புல்லாக வருஷம் வருஷமாக வளர்ந்திருந்தது. அதில் மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது.

கையை எடுத்தார்.

"கிளாரா," என்று கூப்பிட்டார்.