இன்ஜினியர் சாரின் மேசை

அரசுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போகுமா என்று கணக்கெடுக்கும் வேலையைக் கலெக்டர், சக்கர நாற்காலியில் வரும் கிளார்க் மரகதவல்லியிடம் கொடுத்தார். இன்ஜினியர் சடகோபனுக்கு வயிறு எரிந்தது.

"அறிக்கையில என் கையெழுத்து வேணும். மாடிக்கு வந்து வாங்கிக்கச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். கூடவே, 'இக்கட்டடத்தில் தடையே இல்லை' என்று கலெக்டருக்கு எழுதியும் கொடுத்தார்.

அறிக்கையைப் பார்க்கக் கலெக்டர் வந்தார். சடகோபனும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "கையெழுத்து எங்கேம்மா?"

"அதை இன்ஜினியர் சாரே சொல்லட்டும் சார்."

சடகோபன் முந்திக்கொண்டார். "இருபத்திரண்டு படி சார்! இந்தம்மாவால எப்படி ஏற முடியும்? இவங்ககிட்டப் போய் இந்த வேலையை..."

கலெக்டர், சடகோபன் எழுதிய தாளை அவரிடமே நீட்டினார்.

"தடையை நீக்க என்னம்மா செலவாகும்?"

"லிஃப்டுன்னா பல லட்சம் சார். சாரோட மேசையைக் கீழே இறக்கினா, ரெண்டு ஆள் கூலி."

சாயங்காலமே மேசை இறங்கியது. மரகதவல்லியின் மேசைக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.