டிரிப்பர் விழுந்த சமையலறை

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில் சமையலறைப் பொறுப்பு வேலப்பனுக்கு. முப்பது வருடம் கிடங்குக் காவலில் இருந்துவிட்டுச் சீடராக வந்தவர். குரு ஆத்மநாதரைவிட எட்டு வயது மூத்தவர். யாரையும் எளிதில் நம்பமாட்டார்.

நான்கு நாட்களாகக் காலையில் கிரைண்டர் பாதியில் நின்றுபோனது. கரண்ட் கசிந்தால் தானாகவே விழுகிற டிரிப்பர் விழுந்து கிடந்தது.

"கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஐயா," என்றாள் சொர்ணம். சமையலுக்குப் புதிதாக வந்தவள்.

மறுநாள் வேலப்பன் கதவுக்குப் பின்னால் நின்று கவனித்தார். மாவைத் தள்ளிவிட அவள் கை வைத்ததும் டிரிப்பர் விழுந்தது. அவள் கையை உதறிக்கொண்டாள். நடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

எலக்ட்ரீஷியன் இஸ்ரவேல் வந்து பார்த்தார்.

"எங்கேயோ கசியுது. கழற்றிப் பார்க்காம ஓட்டாதீங்க."

"டிரிப்பரை விட்டுவிட்டு நேராக லைன் கொடு."

"அதை மட்டும் செய்யமாட்டேன், ஐயா."

சொர்ணமும் இஸ்ரவேலும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வேலப்பன் முடிவு செய்தார். சாயங்காலம் வேறொரு ஆளைக் கூட்டிவந்து நேராக லைன் கொடுக்கச் செய்தார். பிறகு குருவிடம் போனார்.

"சுவாமி, சொர்ணம் வேலை செய்யாமல் ஏய்க்கிறாள். நாளைக்கு டிரிப்பர் விழாது. அப்போது என்ன சாக்கு சொல்கிறாள், பார்க்கலாம்."

குரு கேட்டுக்கொண்டார்.

காலையில் சொர்ணம் வரும் முன்பே குரு சமையலறையில் இருந்தார். தரை கழுவிய ஈரம் காயவில்லை.

"இன்று மாவை நீங்கள் அரையுங்கள்," என்றார் வேலப்பனிடம்.

வேலப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஊறிய அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டார். சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது.

"ஏன் நிற்கிறீர்கள்?"

"ஒன்றுமில்லை, சுவாமி."

"போடுங்கள்."

கை நகரவில்லை.

"இஸ்ரவேலைக் கூப்பிடட்டுமா?"

வேலப்பன் சரியென்று தலையசைத்தார்.

இஸ்ரவேல் வந்து கிரைண்டரைத் திறந்தார். உள்ளே ஒரு வயரின் உறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. அது இரும்புக் கூட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக்கில் எர்த் வயர் அறுந்து கிடந்தது.

"டிரிப்பர் இருந்ததாலதான் அந்த அம்மா தப்பிச்சாங்க. அதையும் எடுத்துட்டீங்களே," என்றார்.

வேலப்பன் குருவிடம் திரும்பினார்.

"நான் சுவிட்சைப் போட்டிருந்தால், சுவாமி?"

"மெயினை இறக்கிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"எனக்கு அது தெரியாது. ஒருவேளை அவள் சொன்னது நிஜமாக இருந்தால் என்று ஓர் எண்ணம் வந்தது. கை நின்றுவிட்டது."

வாசலில் சொர்ணம் உளுந்துப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். குரு அவளைப் பார்த்தார். பிறகு வேலப்பனைப் பார்த்தார்.

"உங்கள் கை என்றதும் வந்த அந்த 'ஒருவேளை', அவள் கையாக இருந்தபோது ஏன் வரவில்லை?"