ஒன்பதாம் பக்கத்து யானை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், வயதாகியிருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. நூலகர் கோமதிநாயகத்துக்கு வாய்த்த குரு அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். பெயர் ராபியா. தென்காசியில் பள்ளி நூலகர்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பயிற்சி நடத்த வந்திருந்தார்.

முதல் சனிக்கிழமை, கிழிந்த புத்தகங்களை ஒட்டும் பாடம். மைதாப் பசை, மெல்லிய தாள், பிரஷ். எல்லோரும் கலைந்த பிறகும் கோமதிநாயகம் கிளம்பவில்லை. பையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்தார். ஒன்பதாம் பக்கத்தில் யானை குளித்துக்கொண்டிருந்தது. தும்பிக்கை பாதியில் கிழிந்திருந்தது.

"மேடம், சிவப்பு மைய அழிக்க ஏதாச்சும் வழி இருக்கா?"

"கிழிசல ஒட்டத்தானே சார் கேப்பாங்க?"

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 'பக்கம் 9. கிழித்தவர்: முப்புடாதி, நான்காம் வகுப்பு.' பதினோரு வருடமாக அவர் வைத்திருந்த வழக்கம் அது. யார் கிழித்தாலும் பெயர் சிவப்பு மையில் ஏறிவிடும். போன மாதம் வகுப்பு முழுக்கப் பார்க்க அதை எழுதினார்.

"நல்ல கையெழுத்து," என்றார் ராபியா.

கோமதிநாயகத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"அன்னைக்கிலேருந்து அந்தப் பிள்ள லைப்ரரிப் பக்கமே வரமாட்டேங்கா மேடம். அவளப் பாத்து மத்த பிள்ளைகளும் ஒரு புத்தகத்தத் தொடமாட்டேங்கு. கையக் கட்டிட்டு வரிசையா உக்காந்துட்டுப் போகுதுக. எனக்குச் சோறு இறங்கல."

"மைய அழிச்சா வந்துருவாளா?"

ராபியா ஒரு பசை டப்பாவும் கொஞ்சம் தாளும் இரண்டு பிரஷ்களும் எடுத்துக் கொடுத்தார்.

"நான் ஒரு ஆளுதானே மேடம்?"

"ஒத்த ஆளா ஒட்டினா சுருங்கிரும் சார்."

எந்தப் பசையும் அப்படிச் செய்யாது என்பது கோமதிநாயகத்துக்கே தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை முப்புடாதியைக் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு தடவை பெயர் எழுதத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவர் ஒரு பிரஷை அவள் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் குனிந்து தும்பிக்கையை ஒட்டினார்கள்.

"எப்படிக் கிழிஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் தம்பி, படத்துல இருந்த யானைக்கு வாழப்பழம் ஊட்டினான் சார். தாள் ஒட்டிக்கிடுச்சு. பிரிச்சேன், கிழிஞ்சிட்டு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலியே சார்."

கோமதிநாயகத்துக்கு அதற்கு மேல் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. சட்டென்று புத்தகத்தை மூடி, மேலே தலையணை அளவு தடித்த ஓர் அகராதியை ஏற்றி வைத்தார். ஈரப் பக்கத்துக்கு நடுவில் பாலிதீன் தாள் வைக்க வேண்டும் என்று ராபியா மூன்று முறை சொல்லியிருந்தார். வைக்கவில்லை.

மதியம் இருவரும் வந்து திறந்தபோது எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் பிரிய மாட்டேன் என்றன. கோமதிநாயகம் இழுத்தார். சர்ரென்று ஒரு சத்தம்.

"சார், பாகன் தல போச்சு," என்றாள் முப்புடாதி.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவர் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள்.

"பேர் எழுதணும்லா சார்?"

பதினோரு வருடத்து வழக்கம். அதை மீற முடியுமா? கோமதிநாயகம் மூடியைக் கழற்றி, அதே நல்ல கையெழுத்தில் எழுதினார். 'பக்கம் 8. கிழித்தவர்: கோமதிநாயகம்.'

"வகுப்பு போடல சார்."

"நூலகர்னு போடட்டா?"

"போடுங்க," என்று அனுமதி கொடுத்தவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியாது.

சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கச் செய்தி பரவியது. பரப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் நூலக நேரத்தில் நான்காம் வகுப்பு கையைக் கட்டிக்கொண்டு வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் சார் கிழித்த புத்தகம்தான் வேண்டுமாம்.

அடுத்த சனிக்கிழமை கோமதிநாயகம் முதல் ஆளாகப் பயிற்சிக்கு வந்து அத்தனையையும் சொன்னார்.

"நான் கிழிப்பேன்னு தெரிஞ்சுதான் ரெண்டு பிரஷ் குடுத்தீங்களா மேடம்?"

"பாலிதீன் வைக்கணும்னு மூணு தடவ சொன்னேனே சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அந்தச் சிவப்பு மை மட்டும் கண்ணக் குத்துது. இப்பமாச்சும் அழிக்க ஒரு வழி சொல்லுங்க."

ராபியா கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இரண்டு பெயர்களுக்குக் கீழே புதிதாக நான்கு பெயர்கள். கோணல்மாணலான எழுத்து. கிழித்த பிள்ளைகள் தாங்களே எழுதியவை. அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது.

புத்தகத்தை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கட்டும் சார். இன்னும் எத்தனையோ பிள்ளைங்க கிழிக்க வேண்டியிருக்கு."