மாலையும் மேளமும்

ஒற்றன் உதயன் படவரிசையின் ஏழாவது படத்துக்குக் கதை பேச உட்கார்ந்தார்கள். முதல் படத்திலிருந்தே உதயனாக நடிக்கும் நட்சத்திரம் இந்திரஜித் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அதைக் கேட்டு விழித்த எழுத்தாளர்கள் எல்லோரும் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். இன்று மறுபடியும் அதையே கேட்டார்.

"எதிரி மாளிகைக்குள்ள நான் ஒருத்தருக்கும் தெரியாம நுழையணும். ஆனா நுழையறப்ப ஊரே திரண்டு மாலை போட்டு மேளம் அடிக்கணும். முடியுமா?"

தயாரிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். உதவி எழுத்தாளர் பொற்கொடி மட்டும், "தாராளமா சார்" என்றாள்.

"எப்படி?"

"முன்வாசல்ல உங்களுக்கு மாலை, மேளம். காவல்காரங்க உங்களையே வேடிக்கை பார்க்கறாங்க. அந்த நேரத்துல ஒரு சமையல்காரன் அரிசி மூட்டையோட பின்வாசல்ல நுழைஞ்சு ரகசியத்தை எடுத்துட்டு வந்துடறான்."

இந்திரஜித் கைதட்டினார். சட்டென்று நிறுத்தினார்.

"அப்ப ஒற்றன் யாரு?"

"சமையல்காரன்தான் சார்."

"நான்?"

"நீங்க மேளத்தோட வந்தவர்."

யாரோ சிரிப்பை மறைக்க இருமினார்கள். இந்திரஜித் முகம் சிவந்தது. "சமையல்காரனா யாரு நடிக்கறது?"

"யாராவது புதுமுகம் போதும் சார். தியேட்டர்ல விசில் எப்படியும் அவனுக்குத்தான்."

"புதுமுகமா? அந்த வேஷம் எனக்கு! மாலையை எவனுக்காவது போடுங்க!"

படப்பிடிப்பின் முதல் நாள், அழுக்கு வேட்டியில் மூட்டையைச் சுமந்து வந்தவரை ஒரு லைட்மேன், "யோவ், ஓரமாப் போ, ஹீரோ வர்ற நேரம்" என்று விரட்டினார். சுற்றியிருந்தவர்களுக்குப் பகீரென்றது.

இந்திரஜித்துக்கோ வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா, யாருக்குமே தெரியல! இது என் யோசனை!"

"ஆமா சார்" என்றாள் பொற்கொடி. "நீங்க கேட்டதைத்தானே எழுதினேன்."